சஸ்பென்ஸ் கணக்கு

மார்ச் இருபத்தெட்டு.
லாரன்ஸ் ரோட்டு வெயில்
பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில்
கைவிட்டுத் துழாவுகிறது.

தெய்வநாயகம் மெத்தைக் கடையில்
இலவம்பஞ்சுத் தும்மலுக்கு நடுவே
நான் கணக்கு எழுதுகிறேன்.
மாதம் இரண்டாயிரம், டீ தனி.

செலவுப் பக்கம் சுலபம்.
ரீல்ஸ் எடுக்க வட்ட விளக்கு: ஆயிரத்து நூறு.
பூஸ்ட்: ஒன்பதாயிரத்து நானூறு.
மெத்தைமேல் குதித்துக் காட்டிய பையனுக்குப்
பரோட்டா: நூற்றிருபது, வவுச்சர் இல்லை.

வரவுப் பக்கம் வந்தால்
தர்ஷன் போனை நீட்டுகிறான்.
"எண்பத்திரண்டாயிரம் பேர் பார்த்திருக்காங்கக்கா."
சரி தம்பி, வாங்கினது?
அவன் மறுபடி மறுபடி திரையை இழுக்கிறான்,
பால் பொங்கிவிட்டதா என்று
மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவனைப் போல.

இதயங்கள் பதினோராயிரம்.
ஓர் இதயத்துக்கு என்ன விலை போட?
ஜிஎஸ்டி எத்தனை சதவீதம்?
சிரித்த முகங்களைச் சரக்கிருப்பில் சேர்ப்பதா?
"மெத்தை சூப்பர்" என்று எழுதியவர்
கோலாலம்பூரில் இருக்கிறார்.
அவரை வராக்கடனில் வைத்தேன்.

முதுநகர் ஜுலைகா அக்காவிடம்
இந்தச் சிரமம் இல்லை.
காலை பத்தரைக்கு ஒரு ஸ்டேட்டஸ்:
தேக்சா, மூடி, மூடிமேல் கங்கு.
முகம் காட்டமாட்டார், பாட்டு வைக்கமாட்டார்.
பன்னிரண்டுக்குள் நாற்பது பொட்டலமும் போய்விடும்.
பார்ப்பவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.
யார் வீட்டில் எலும்பு கேட்பார்கள்,
யாருக்குப் போன வாரம் பாக்கி நின்றது,
எல்லாம் அவருக்கு அத்துபடி.
பேஜ் ஆரம்பிக்கலாமே என்றேன் ஒருமுறை.
"எதுக்குமா, தேக்சா ஒண்ணுதானே."

துறைமுகத்து ஐஸ் கம்பெனி கலியமூர்த்திக்கு
அதுவும் கிடையாது.
படகு வந்தால் ஐஸ் போகும்.
கடலுக்கு யார் லைக் போடுவது என்பார்.

ஆகவே பென்சிலால் எழுதியும் விட்டேன்,
பூஸ்ட்: தண்டச் செலவு.

ஆனால் டிசம்பர் இருக்கிறது.
கெடிலம் ஏறிய இரவு
தெய்வநாயகம் வேலூரில், மகள் வீட்டில்.
எதிர்ப்பக்கப் பாத்திரக்கடைக்காரர்
கடைவீதி குரூப்பில் ஒரு படம் போட்டார்:
ஷட்டர் அடியில் தண்ணீர்.
அதற்கு யாரும் இதயம் போடவில்லை.
ஆறு பேர் வந்தார்கள்.
தர்ஷன் சாவியோடு நனைந்து ஓடிவர
அறுபத்துமூன்று மெத்தைகள்
மாடி ஏறின.

நனையாத மெத்தைக்கு வவுச்சர் எது?
வராத நஷ்டம் எந்தப் பக்கம்?

அவசரப்பட்டு உருக வேண்டாம்.
பொங்கலுக்கு முன், அதே குரூப்பில்,
வெள்ளத்தில் ஊறிய மெத்தையைக்
காயவைத்து விற்கிறார்கள் என்று ஒரு ஃபார்வர்டு.
ஜனவரி விற்பனை பாதி.
அனுப்பியவர் அந்த ஆறு பேரில் ஒருவர்
என்கிறான் தர்ஷன்.
தெய்வநாயகம் காதில் விழாததுபோல்
தலையணை உறைகளை எண்ணுகிறார்.
எண்ணியதையே எண்ணுகிறார்.

என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும்.
"கணக்கு எழுதித் தரப்படும்":
பின்தொடர்பவர்கள் நாற்பத்தொன்று,
அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள்.
இந்த வருஷம் புதிதாக வந்தது ஒரே கடை.
எப்படித் தெரியும் என்று கேட்டால்
டீக்கடையில் விசாரித்தேன் என்றார்.
ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.
டீக்கடைக்காரர் என் போஸ்டைப் பார்த்திருந்தாராம்.

தலைப்பு கிடைக்காத தொகைக்கு
எங்கள் தொழிலில் ஓர் அறை உண்டு.
சஸ்பென்ஸ் என்று பெயர்.
தண்டச் செலவை அழித்துவிட்டு
அங்கே எழுதினேன்.
தொகை: ஒன்பதாயிரத்து நானூறு.
விவரம்: அறுபத்துமூன்று மெத்தை, ஒரு பொய்.
ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும்.

தர்ஷன் வட்ட விளக்கைப் போடுகிறான்.
பேரேட்டின் மேல் விழுந்த என் கை நிழல்
எங்கோ போய்விட்டது.
"அக்கா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க,
ஃபிரேம்ல வர்றீங்க."