பக்கக்கன்று

களக்காட்டுக்கு மேற்கே, பச்சையாற்றுப் பாலம் தாண்டி
குளிரூட்டிய அறையில் எனக்கு வேலை.
முகமூடி, கையுறை, சுடரில் காட்டிய கத்தி.
ஏத்தன் கிழங்கின் குருத்தைக்
கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிப்
புட்டிக்குள் கூழின்மேல் நட்டுவைப்பேன்.
ஒன்று நாலாகும், நாலு பதினாறாகும்.
ஒரு தாய்க்கு முந்நூறு கன்று, எல்லாம் அவளே.
வாழையடி வாழையாக என்று
கல்யாண வீட்டில் அட்சதை போடுகிறவர்கள்
இதையா கேட்கிறார்கள்?

பூசணம் பிடித்த புட்டிகளை
மாலையில் மொத்தமாக அவித்துக் கொட்டுவோம்,
நாளைக்கு நாற்பது ஐம்பது.
கைகழுவிவிட்டு வீட்டில் சோறு தின்றிருக்கிறேன்.
ஒரு பருக்கையும் தொண்டையில் நின்றதில்லை.

நம்பிக்கு ரத்தம் ஊறாது.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
சிவப்புப் பை சொட்டித் தீரும்வரை
கட்டில் கம்பியைப் பிடித்து பஸ் ஓட்டுவான்:
"நாங்குநேரி, வள்ளியூர், ஏறு ஏறு."
பதினைந்தாம் நாள் மறுபடி
முகத்தில் எலுமிச்சை நிறம்.

சென்னையில் ஒன்பது கரு உருவாக்கினார்கள்.
இரண்டில் நம்பியின் நோய்.
மிச்சம் ஏழில் அவனோடு பொருந்தியது ஒன்று.
ஆணா பெண்ணா சொல்லமாட்டோம்,
பொருந்தும் என்று மட்டும் சொல்வோம் என்றார்கள்.
அந்த ஒன்றைச் சுமந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஊர் வந்தேன்,
கீழ்ப் படுக்கையில், மல்லாக்கப் படுத்தபடி.

ஆறு பேர் அங்கேயே இருக்கிறார்கள்.
பேர் என்று சொல்லலாமா?
பேரில்லாத ஆறு.
குற்றம் குறை ஒன்றுமில்லை அவர்களிடம்.
அண்ணனுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் மூன்று கட்டம்:
உறைய வைக்க. அழிக்க. ஆராய்ச்சிக்குக் கொடுக்க.
வானமாமலை பேனாவை என் கையில் தந்துவிட்டு
டீ குடிக்கப் போனார்.
மூன்றாவதில் நெடுநேரம் நின்றேன்.
யாரோ ஒருத்திக்கு விழித்திரை,
யாரோ ஒருவனுக்குத் தண்டுவடம்,
இன்னும் இல்லை, வரலாம் என்றாள் அந்தப் பெண்.
'லாம்' என்கிற இடத்தில் அவள் நாக்கு
பாசிப் படியில் கால் வைப்பதுபோல் வைத்தது.
நான் முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.
துணிச்சல் இல்லாதவர்களின் கட்டம் அது.
வருடா வருடம் ஆவணியில்
பணம் கட்டச் சொல்லி போனில் செய்தி வரும்.
அன்றைக்கு மட்டும் புட்டி அவிக்க
செண்பகத்தை அனுப்பிவிடுவேன்.
ஏன் என்று அவள் கேட்டதில்லை.

குழல்வாய்மொழிக்குப் பதினாலு மாதத்தில்
இடுப்பெலும்பில் ஊசி இறங்கியது.
அவளை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அவளுக்கு அப்போது
காக்காவுக்கும் காருக்கும் ஒரே சொல்தான்.

நம்பி பிழைத்தான்.
இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு வராது.
பிழைத்தான். இப்போது நிஜ பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறான்.

கோயில் கொடைக்கு வந்த ஏர்வாடிச் சித்தி
"மருந்துக்குப் பெத்த பிள்ளை இதுதானாட்டி?" என்றாள்.
"எல்லாப் பிள்ளையும் எதுக்கோதான் சித்தி,
கொள்ளி வைக்க, கடன் அடைக்க,
மாமியா வாயை மூட."
பந்தலே சிரித்தது.
ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

போன ஐப்பசியில் எங்கள் கன்று நட்ட
ரசகதலித் தோப்பில் வாடல் விழுந்தது.
நாலாயிரமும் ஒரே உடம்பு, ஒரே பலவீனம்.
வரப்பில் யாரும் வைக்காமல் முளைத்த பேயன் மட்டும்
ஒன்றும் தெரியாததுபோல் இலை விரித்துக்கொண்டிருந்தது.
தோப்புக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

நேற்று சீப்பில் கடைசி மட்டிப்பழம்.
குழலி உரித்துவிட்டாள்.
"அண்ணனுக்குப் பாதி குடுட்டி" என்றேன்.
என்னை, அவனை, பழத்தைப் பார்த்தாள்.
"மாட்டேன்."
முழுசையும் வாயில் அடைத்து
மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.
நம்பி நியாயம் கேட்டு என்னிடம் வந்தான்.
"அவ பழம்ல," என்றேன்.
"அவ சொல்லிட்டாள்லா."