பன்னிரண்டாம் மாடியில் பூண்டு இடித்தல்

செவ்வாய் எனக்கு விடுமுறை.
தேஜோனிலிருந்து புசானுக்கு
என் பேருந்தை இன்று வேறொருவன் ஓட்டுகிறான்.
நான் வீட்டில்
ஆறு பல் பூண்டைக் கல்லுரலில் போட்டு
மூன்றே மூன்று இடி இடித்தேன்.

நான்காவதற்குக் கை ஓங்கும்போது
சுவரில் இருந்த உள்தொலைபேசி அலறியது.
காவலாளி பியோன்.
"கீழே ஆயிரத்து நூற்று நான்கில் தூங்குகிறார்களாம்.
மேலே தச்சு வேலையா என்று கேட்கிறார்கள்."
மணி பகல் பதினொன்று.
சம்ஜாங் செய்கிறேன் என்றேன்.
சற்று நேரம் அவர் பேசவில்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி
"வால்நட் போடுவீர்களா?" என்றார்.

ஆயிரத்து நூற்று நான்கு, நம்குங் சோ-ரியோங்.
இரவுப்பணிச் செவிலியர்.
காலை எட்டு மணிக்கு
எல்லோரும் இறங்கும் மின்தூக்கியில்
அவர் மட்டும் ஏறுவார்,
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, நின்ற வாக்கில்.
பகல் தூக்கம் எனக்கும் தெரியும்.
நள்ளிரவு வண்டி ஓட்டிய வருடங்களில்
தெருவில் போகும் சரக்கு வண்டியின் ஒலிபெருக்கி
என் கனவுக்குள்ளேயே வந்து
வெங்காயம் விற்றிருக்கிறது.
கனவில் நான் பேரம் பேசியிருக்கிறேன்.

ஆகவே, ஓசையில்லாமல்.

உரலைத் துவாலையில் சுற்றி ஓரம் வைத்தேன்.
கத்தியைப் பூண்டின்மேல் படுக்க வைத்து
உள்ளங்கையால் அழுத்தினேன்.
பல் உடையும்போது ஒரு சின்ன முனகல்.
அதுவும் தரைக்குள் இறங்கிவிடுமோ என்று
குதிகாலைத் தூக்கிக்கொண்டேன்.
அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

தொயென்ஜாங் மூன்று கரண்டி,
ஈர மண்ணின் நிறம், பூட்டிய அலமாரியின் வாசம்.
கொச்சுஜாங் ஒரு கரண்டி.
அது கரண்டியை விட்டு வராது.
கிண்ண விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் விழும்.
தட்டக் கூடாது.
விரலால் வழித்தேன்,
விரலைச் சப்பினேன்,
அந்த விரலாலேயே மறந்துபோய்க் கண்ணைத் துடைத்தேன்.
சத்தமில்லாமல் குதிப்பது எப்படி என்று
அப்போது கற்றுக்கொண்டேன்.

எள் வறுத்தால் வெடிக்கும்.
எள் வெடித்ததென்று இந்தக் கட்டடத்தில்
இதுவரை யாரும் புகார் கொடுத்ததில்லை.
இருந்தாலும் மூடி போட்டேன்.
வெங்காயத்தாளுக்குக் கத்தரிக்கோல்.
நல்லெண்ணெய் மட்டும் தானாக
வழுக்கி இறங்கிக் கலந்தது,
இந்தச் சமையலறையில்
பண்பு தெரிந்தது அது ஒன்றுதான்.

ருசி பார்த்தேன். உப்பு.
தோஃபுவைப் பிசைந்து சேர்த்தேன். உப்பு.
பிளம் பாகு, இன்னும் தோஃபு, துருவிய வெங்காயம்.
ஒருவனுக்கென்று தொடங்கியது
நான்கு பேருக்கு ஆகிவிட்டது.
நான்கு பேரை எனக்குத் தெரியும்.
சாப்பிடக் கூப்பிடும் அளவுக்குத் தெரியாது.

ஒரு கிண்ணம் காவலாளி அறைக்குப் போனது.
வால்நட்டைக் கையாலேயே நொறுக்கியிருந்தேன்.
பியோன் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு
"கொஞ்சம் தளர்வாக இருக்கிறதே" என்றார்.
திருப்பித் தரவில்லை.

மாலை ஆறு மணி.
லெட்டூஸ் இலையை உதறி விரித்து
மேலே ஒரு பெரில்லா இலை,
ஒரு கவளம் சூடான சோறு,
சுண்டுவிரல் நகமளவு சம்ஜாங்.
மடித்தேன்.
இதை இரண்டு கடியாகத் தின்பவனை
யாரும் மதிப்பதில்லை. ஒரே வாய்.
கன்னம் புடைத்து, கண் பிதுங்கி,
மூச்சுக்கு மூக்கு மட்டும் மிச்சமிருக்கையில்

கீழேயிருந்து
டொக்.
டொக்.
டொக்.

கல்லுரல்தான். சந்தேகமில்லை.
ஐந்து பல் இருக்கும், ஆறாகவும் இருக்கலாம்.
நன்றாகத் தூங்கி எழுந்த கை.

பிறகு, ஒன்றுமில்லை.
உலக்கையைத் தூக்கியபடி
அவர் காதைக் கூர்மையாக்கி நிற்பதுபோல் ஒரு அமைதி.

உள்தொலைபேசி
என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.
என் வாய் நிறைந்திருக்கிறது.
நான் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

டொக்.