இன்வாய்ஸ் எண் 0017

ஒன்று என்று போட்டால் பயப்படுவார்கள்.
நூறு என்றால் நானே நம்ப மாட்டேன்.
பதினேழு என்று தட்டினேன்.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில்
ரைஸ் குக்கர் டக்கென்று அணைந்த நேரம்
என் கடைக்குப் பதினாறு வாடிக்கையாளர்கள்
பிறந்து, பணம் கட்டி, போயே போய்விட்டார்கள்.

கடை என்றால்
ஒரு கேமரா, இரண்டு பேட்டரி,
கேம்பல் ஸ்ட்ரீட் சியூ மெங்கிடம்
ஐசியை அடமானம் வைத்து
நாளுக்கு எண்பது வெள்ளி வாடகைக்கு எடுத்த லென்ஸ்,
தங்கையின் மைவி.
அதையும் எட்டு மணிக்குள் திருப்பித் தரவேண்டும்.

பாயான் லெப்பாசில் ஒன்பது வருஷம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லு பார்த்தவள் நான்.
மயிரிழை விரிசல், வளைந்த கால், ஒரு துளி ஈயம்,
கண்டதும் சிவப்புப் பெட்டி.
ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம்.
நல்லதைக் கண்டுபிடித்ததற்கு
அங்கே யாரும் சம்பளம் தந்ததில்லை.

புவனேந்திரன் போனில் கேட்டார்:
"மகளுக்கு நிச்சயம். சின்னதாத்தான், நூறு பேரு.
எவ்வளவும்மா?"
கண்ணாடி முன் மூன்று நாள் பழகிய எண்
தொள்ளாயிரம்.
வாயில் வந்தது அறுநூற்று ஐம்பது.
"சரி" என்றார்.
மூச்சுகூட விடவில்லை.
அந்தச் சரியின் வேகத்தில் தெரிந்தது
எவ்வளவு தொலைத்தேன் என்று.

குளுகோர் மண்டபத்தில் வெளிச்சம்
பாதி குழல் விளக்கு, பாதி ரோஸ் நிற எல்இடி.
எல்லார் முகமும் ஒரு பக்கம் காய்ச்சல்காரர்கள்.
வெளியே மழை. உள்ளே
என் கண் பழைய வேலையைத் தொடங்கிவிட்டது:
மாப்பிள்ளையின் காலர் கோணல்,
ரவிக்கையில் ஊக்கு தெரிகிறது,
தாம்பாளத்தில் ஒரு ஆப்பிளுக்கு மட்டும் விலைச்சீட்டு,
பெரியப்பா ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முன்னால் ஒரு சுவராக.
சிவப்புப் பெட்டி, சிவப்புப் பெட்டி.
அரைமணி நேரம்
என் விரல் பொத்தானை அழுத்தவே கூசியது.

பிறகு சமையல்கட்டுப் பக்கம் போனேன், தண்ணீருக்கு.
அங்கே பெண், ஹேமவர்ணி,
கழுத்தைக் கடிக்கும் அட்டிகைக்கு அடியில்
கரண்டிக் காம்பை விட்டுச் சொறிந்துகொண்டு
வாய் நிறையக் கேசரியோடு எதற்கோ சிரித்தாள்.
எடுத்தேன்.
படம் லேசாக ஆடியிருந்தது.
ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை.
அதை இன்னும் அழிக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு படம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
புவனேந்திரன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.
அண்ணன் இரண்டு படத்தில்தான் இருக்கிறாராம்.
(கைப்பேசி முகத்தை மறைத்த அதே அண்ணன்.)
கேசரிப் படத்தில் மட்டும்
கட்டைவிரல் சற்று நின்றது, பேசாமல் நகர்ந்தது.
"அறுநூறா வச்சுக்கயேன்மா. புதுசுதானே நீ?"
"பதினேழாவது வேலை, அங்கிள்."
"ஆமாமா" என்று சிரித்தார்.
"லென்ஸ்ல வாடகைக்கடை ஸ்டிக்கரைக்கூட உரிக்கலியே."

காது சுட்டது.
லிஃப்ட் மணி அடித்தது, கதவு திறந்தது, மூடியது.
போய்விடலாம் போலத்தான் இருந்தது.
"அறுநூற்று ஐம்பது, அங்கிள்" என்றேன்.
இரண்டாம் தடவை சொன்னபோது
அது என்னுடைய எண்ணாக இருந்தது.
கைப்பேசியில் டிங்.

இரவு, பாலம் தாண்டிப் போகும் விளக்குகளைப் பார்த்தபடி
அந்தப் பதினாறு பேரை எண்ணிப் பார்த்தேன்.
"சும்மா ரெண்டு கிளிக் பண்ணிக் குடேன்" என்று
சோறு போட்டு அனுப்பியவர்கள்.
யோகேஸ்வரி மகன் பிறந்தநாள்,
தண்ணீர்மலைக் காவடி,
தொழிற்சாலை ஆண்டு விருந்து,
சர்வினின் பட்டமளிப்பு, அவன் நாயின் பிறந்தநாளும்கூட.
விரல் மடக்கி மடக்கிப் பதினொன்று வந்தது.

மீதி ஐந்து பேர் யாரென்று தெரியவில்லை.
யாராக இருந்தாலும்
அவர்களையும் நல்லபடியாகத்தான் எடுத்திருப்பேன்.