காயவைத்தல்

துரை பங்களாவை விடுதியாக்கி
பிறகு அந்த விடுதியையும் மூடியபோது
கட்டில், நிலைக்கண்ணாடி, பியானோ எல்லாம் லொறியில் போயின.
மிஞ்சிக் கிடந்தது ஒரு மஞ்சள் மூட்டை.
"காத்தடிச்சா படகு" என்றான் காவல்காரன் ரத்னசிறி.
பதினெட்டாயிரம். மூன்று தவணை.
ஒட்டுப் போட்ட இடம் இரண்டு,
துடுப்பு ஒன்றரை.

வாட்டுக் கொட்டகையில் எனக்கு இரவு வேலை.
விடிய விடியக் கொழுந்துக்குக் காற்று விடுகிறவன்
விடிந்ததும் படகுக்கு விடுகிறேன்.
மிதிபம்பை இருநூற்றுப் பத்துத் தரம் மிதித்தால்
ஒரு பக்கம் தோள் எழும்பும்,
பிறகு மறுபக்கம்,
படுத்த மாடு எழுந்திருக்கிற மாதிரி.
அடித்தளத்துக்குக் காற்று ஏறத்தான்
பொறுமை வேண்டும். எனக்கு அது இல்லை.
ஆகவே எப்போதும் இடுப்பு தொய்ந்தே மிதக்கிறேன்.

நோர்வூட் பஸ்ஸில் கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தான்.
"என்னா இது?"
"படகு."
பஸ்ஸே திரும்பியது.
அரை டிக்கெட் கிழித்தான்.
அரைப்பேர் பார்த்துப் பழகிய வீடு எங்களுடையது,
மறுபேச்சில்லாமல் கொடுத்தேன்.

வயிற்றுச் செதில் தொலைந்த படகு.
வலது இழுத்தால் இடது சுற்றும்,
காசல்ரீயின் நடுவில்
நான் போன தூரமெல்லாம் வட்டம்.
சைக்கிள் கடை நஸ்வர் எண்ணெய்க் கேனை வெட்டி
ஒரு செதில் செய்து தந்தார்.
காசு வேண்டாம், ஒரு சுற்றுப் போதும் என்றார்.
அந்த ஒரு சுற்றில்
எட்டுத் தரம் "கரைக்குப் போவம்" என்றார்.

போயா அன்று அமராவதி வந்தாள்.
சீலை நனையாமலிருக்கக்
கொழுந்துப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டே ஏறினாள்.
முன்னால் உட்கார்ந்து, முதுகைக் காட்டி,
நடுத் தண்ணீர் வரை பேச்சில்லை.
பிறகு திரும்பினாள்.

இருபத்திரண்டு வருஷமாய் அந்த மலையில் நின்று
இந்தத் தண்ணீரைப் பார்த்தவள்.
"அதுவா ஏழாம் நம்பரு?"
"அதேதான்."
"செவுரு மாதிரி நிக்குது."
நான் துடுப்பை நிறுத்தினேன்.
"அதுலயா நான் நிக்கிறேன்?
மழையில?
கூடையோட?"

நீந்தத் தெரியாதவள்,
மிதவைச் சட்டையின் வார் அறுந்தது தெரிந்தும்
தண்ணீருக்குப் பயப்படாதவள்
படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்,
மலையைப் பார்த்து.

விற்றவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
படகை நனைப்பது சுலபம்.
காயவைக்க இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போக?
ஜூன் மாசம் ஒரு துண்டு காயவே நாலு நாள்.
மடித்தால் மடிப்புக்குள் பூஞ்சணம்.
மடிக்காவிட்டால் காம்பிரா முழுக்கப் படகு.
அடுப்படிக்கு அதைத் தாண்டித்தான் போகணும்.
சின்னவன் அதற்குள்ளேதான் தூங்குகிறான்,
ஒட்டுப் போட்ட இடம் ராத்திரி முழுக்க
அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது,
விடியும்போது தரையில் கிடக்கிறான்.

கொழுந்து வராத ஒரு ஞாயிறு இரவு
வாட்டுத் தொட்டியில் படகை விரித்து
விசிறியைப் போட்டேன்.
டீமேக்கர் ஐயாவுக்குத் தெரியாது,
இனியும் தெரிய வேண்டாம்.
நாலு மணிக்குள்
எலும்பே இல்லாதது எலும்பு வரை காய்ந்துவிட்டது.
தொட்டியைத் துடைத்தேன், சத்தியமாய்.
ஆனாலும் அந்த வாரத் தூளில்
கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் பாசி
யாருக்காவது மணத்திருந்தால்
மன்னிக்கணும்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பரில் கொழுந்து.
நிறைக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாளாம்.
"என்னா அங்க வேடிக்கை?"
கங்காணி சத்தம் போட்டிருக்கிறார்.
"ஒண்ணுமில்ல. நாங்க நின்ன எடம்."

அன்று இரண்டு கிலோ குறைவு. அரைப்பேர்.
அதைச் சொல்லிவிட்டு,
விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி,
"வர்ற போயாவுக்கு
அடியிலயும் நல்லா காத்தடி" என்றாள்.