ஏழு

திருகோணமலை ஆஸ்பத்திரி. கிளினிக் நாள்.
பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில்
நோவுக்கு ஒரு இலக்கம் கேட்கிறேன்.

"போன மாசம் என்ன சொன்னன்?"
ஏழு.
"அப்ப அதையே போடுங்க, மிஸ்."

மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஜெசீமா உம்மா.
சீனி தின்ற கால்கள்.
பத்து சொல்லவே மாட்டார்:
பத்து, ஊரைவிட்டு வெறுங்காலில் ஓடிய வருஷத்துக்காம்.

காற்றுப் பட்டாலும் பற்றுகிற பாதம்.
"எரிவு எரிவுதான்.
ஆனா முந்தநாள் ராவு
போர்வை கால்ல கிடந்திருக்கு.
சுபஹுக்கு எழும்பித்தான் கண்டன்."

போர்வைக்குப் படிவத்தில் கட்டமில்லை.
மாற்றமில்லை என்பதில் புள்ளடி.
ஓரத்தில், பென்சிலால்,
போர்வை என்று எழுதுகிறேன்.
கொழும்பில் கணினிக்கு ஏற்றுகிறவர்
பிழையென்று நினைக்கலாம்.

வெளியே அவர்
செருப்பின் வாரை இழுத்து மாட்டுகிறார்,
இரண்டு காலுக்கும்.