பட்டி பிரித்தல்

அகுரெய்ரியில் இரவு பதினொன்றரை.
ஏழு சர்வர்களில் ஆறு தூங்குகின்றன.
ஏழாவதுக்கு மூச்சு வாங்குகிறது.

அந்த எல்லைகளை வகுத்தவள் நான்தான்.
மார்ச்சில், பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை,
நாட்டு ஆடுகளை எல்லாம் ஒரே அட்டவணையில் ஏற்றி
பள்ளத்தாக்கு வாரியாக ஏழு கூறு போட்டேன்.
எந்த ஆடு எந்தப் பங்கில் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அதில் ஒரு கர்வம் இருந்தது, மறுக்கவில்லை.

செப்டம்பருக்கு என் கோடுகள் தெரியாது.
மழை வருகிறதென்று வடக்கே ஒரே பள்ளத்தாக்கில்
எல்லோரும் ஒரே நாளில் மந்தையை இறக்கிவிட்டார்கள்.
நாற்பது பண்ணை, ஒரே வாசல்.

"தானாகப் பிரிய விடேன், ஸ்டெயின்வோர்" என்றான் ஓர்முர்
தொலைபேசியில், எதையோ மென்றுகொண்டே.
விட்டேன்.
பெருத்ததை அது இரண்டாய் வெட்டியது,
இரண்டை நான்காய்.
மலை எது, ஆறு எது என்று யாரையும் கேட்கவில்லை.
கனம் மட்டும் பார்த்தது,
மளிகைக் கடைத் தராசு மாதிரி.
பன்னிரண்டுக்கெல்லாம் ஏழும் சீராக மூச்சுவிட்டன.

தோற்ற வருத்தம்கூட வரவில்லை. பசிதான் வந்தது.

ஒன்றேகாலுக்கு ஹால்பேரா கூப்பிட்டாள்:
"தாயாட்டைத் தேடினால், குட்டி வருவதற்குள்
ஒரு காப்பியே குடித்து முடித்துவிடலாம் போலிருக்கே?"
பார்த்தேன்.
தாய் இங்கே, என் சுவருக்குப் பின்னால் இரையும் பெட்டியில்.
குட்டி ரெய்க்யவிக்கில்.
தராசுக்கு எங்கே தெரியும் பால்குடி உறவு.

ஒரே ஒரு வரி எழுதினேன்:
குட்டி தாயின் எண்ணோடு போகட்டும்.
மற்றதை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்.
இதற்குச் சமரசம் என்று பெயர் வைக்காதீர்கள்.
கண் சொக்கியது, அவ்வளவுதான்.

காலையில் நிஜப் பட்டிக்குப் போனேன்.
வட்டச் சுவர், சக்கரத்து ஆரங்களாய்த் தடுப்புகள்,
பண்ணைக்கு ஒரு கதவு.
காதுவெட்டைத் தடவிப் பார்த்து
கொம்பைப் பற்றி, தொடைகளுக்கு நடுவே இடுக்கி
ஒவ்வொன்றாய் இழுத்துப் போகிறார்கள்.
ஓர்முரும்தான், சேற்றில் விழுந்து எழுந்து, கையால்.

மதியத்துக்குள் நடுவட்டம் காலி.
சாம்பல் நிறத்தில் ஒன்று மட்டும் நின்றது.
காதில் வெட்டும் இல்லை, வில்லையும் இல்லை.
எந்தக் கதவும் அதற்காகத் திறக்கவில்லை.

அதற்கும் ஒரு வரி போடலாமென்று கைபேசியை எடுத்தேன்.
பண்ணை? என்றது திரை.
வெறுமையாய் விட்டு அழுத்தினேன்.
சிவப்பில் மறுத்தது.
ஆடு என் சட்டைக் கையை மெல்லத் தொடங்கியிருந்தது.