நகத்தின் மேல் ஒரு சொட்டு

சௌகிட் பாசாரில் விடிவதற்கு முன் நான்கு மணி.
என் இயந்திரம் முதலில் தொண்டையைச் செருமும்,
பிறகுதான் வேலை.
பாகான் டத்தோ காய் ஒரு சாக்கு,
சுமத்ராக் காய் இரண்டு.
உடைப்பது நான், துருவுவது அது,
பிழியும்போது இருவரும் சேர்ந்தே முனகுவோம்.

சுயாத்மி வருவாள்.
பெயரைக் கேட்ட முதல் நாள்
யாரோ சாமியாரம்மா என்று நினைத்தேன்.
சோலோ நகரத்துக்காரி.
மோனோரயில் தூணடியில் ஒரு மேசை, ஒரு குடை,
அடி கறுத்த அலுமினியப் பானை,
கடை அவ்வளவுதான்.
தலைப்பால் ஒரு கிலோ, இரண்டாம் பால் மூன்று,
தனித்தனிப் பையில்.

காசு தரும் முன்
பெருவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட்டு
கையைச் சாய்ப்பாள்.
ஓடினால் வேண்டாம்.
நின்றால் எண்ணுவாள்.

எட்டு மாதம் போய் ஒருநாள்
நகத்தைப் பார்க்காமலே பையை வாங்கினாள்.
நான் கவனித்தேன்.
பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு நவம்பர்.
மழையில் லாரி வரவில்லை,
காய் விலை மரத்தைவிட உயரத்துக்கு ஏறியது,
மகளின் பல் கம்பிக்கு மூன்றாம் தவணை.
ஒரு குவளைத் தண்ணீர்.
குழாய்த் தண்ணீர்தான்.
பாலின் முகம் மாறவில்லை.
வெள்ளைக்குத்தான் எத்தனை தாராளம்,
யாரையும் காட்டிக்கொடுக்காது.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தாள்.
சத்தம் போடுவாள் என்று
பக்கத்துக் கோழிக்கடை ஹலீம்கூட
கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
அவள் இயந்திரத்தின் தலைமேல்
ஈர்க்குச்சி குத்திய வாழையிலை ஒன்றை வைத்தாள்.
நாசி லிவெட்.
கோழிச்சாறும் இரண்டாம் பாலும் குடித்து வெந்த சோறு,
சலாம் இலை வாசம்,
சௌசௌக் குழம்பு, பிய்த்த கோழி, அரை முட்டை,
உச்சியில் அரே.

அரே என்பது
தலைப்பாலை உப்போடு கிளறிக் கிளறி
தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவில்
ஓரிடத்தில் நிறுத்திவைப்பது.
சோற்றின் மேல் அசையாமல் உட்கார வேண்டும்.
அன்று அது உட்காரவில்லை.
இலை மடிப்பில் ஒழுகி
என் இயந்திரத்தின் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

மாக்கான், என்றாள்.
சாப்பிட்டேன்.

அவள் பாஷையில் ஒரு சொல் உண்டு, குரி.
இனிப்பு இல்லை, உப்பும் இல்லை,
தேங்காயின் கொழுப்பு நாக்கின் ஓரங்களில்
மெல்ல விளக்கேற்றுவது.
தமிழ்ப்பள்ளியில் சுவை ஆறு என்று மனப்பாடம் செய்தவன் நான்,
எந்த வரிசையிலும் அதற்கு நாற்காலி இல்லை.
முன்பொருநாள் அவள் தந்த கவளத்தில் அது இருந்தது.
அன்று காலை
என் வாயில் சொல் மட்டும் இருந்தது,
பொருள் இல்லை.

பதினேழு இலை மிச்சம், என்றாள்.
துகிமான் என்று ஒருவன், கொத்தனார்,
தினமும் இரண்டு இலை தின்பவன்,
ஒரு வாய் வைத்துவிட்டு
யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டானாம்.
அவ்வளவுதான் அவள் சொன்ன குற்றப்பத்திரிகை.

பதினேழு நான்கு அறுபத்தெட்டு.
டிராயரிலிருந்து எடுத்து நீட்டினேன்.
எண்ணினாள். கையை மடக்கவில்லை.
நான் தின்ற இலைக்கும் சேர்த்து
எழுபத்திரண்டு.
தண்ணீர் எனக்குச் சம்பாதித்துத் தந்தது
ஒன்பது ரிங்கிட்.

இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.
வராமல் இருந்திருந்தால்
நானும் சீக்கிரம் மறந்திருப்பேன்.
மறுநாள் நான்கரைக்கு வந்தாள்.
தலைப்பால் ஒரு கிலோ, இரண்டாம் பால் மூன்று.
நகம்.

இரண்டு வருடம் ஆகிறது.
ஒரு நாளும் தவறவில்லை அந்த நகம்.
அவள் கை சாயும்போதெல்லாம்
பெல்ட்டை நிறுத்திவிட்டு நிற்கிறேன்,
தேர்வு முடிவு ஒட்டும் பலகைக்கு முன் நிற்பதுபோல்.

நேற்று நல்ல மழை.
தகரக் கூரைக்கடியில் நனைந்து நின்றாள்,
குளிரில் விரல் நடுங்கியது,
சொட்டு கொஞ்சம் அசைந்தது.

காற்று, என்றேன்.
தெரியும், என்றாள்.
நகத்தைத் துடைத்துவிட்டு
இன்னொரு சொட்டு விட்டாள்.